எத்தனை டிகிரி சார் உங்க ஹெட்செட்டு?

கண்ணை நேராக முன்னால் வைத்துக்கொண்டு, ரெண்டு கையையும் நீட்டி, கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே மெல்ல மெல்லப் பக்கவாட்டில் கொண்டு போங்க. கண் மட்டும் அசையக்கூடாது. விரல் ஆடுவது எங்கே மறைகிறதோ அங்கே நிறுத்துங்க. பெரும்பாலானவங்களுக்குக் கை காது வரிசைக்கே வந்திருக்கும், சிலருக்கு ஒரு துளி பின்னாலயே போயிருக்கும். (ஆபீஸில் உக்கார்ந்து படிக்கிறவங்க பக்கத்து சீட்டுக்காரர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்துச் செய்யவும் :-))

அந்தக் கைகளுக்கு நடுவில் இருக்கிற கோணம்தான் உங்க பார்வைப்புலம். மனுஷனுக்குப் பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி. மேலே 60, கீழே 70க்குக் கொஞ்சம் கூட. மேலே கம்மியாக இருப்பதற்குக் காரணம் புருவ எலும்பு. இந்த 200ல் நடுவில் இருக்கிற 120 டிகிரி போலத்தான் ரெண்டு கண்ணுக்கும் பொது, ஓரத்தில் இருப்பதெல்லாம் ஒத்தைக் கண் சொத்து. ரொம்பத் தெளிவாகத் தெரிகிற இடம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும்: நீட்டின கையில் கட்டைவிரல் நகத்தின் அகலம், ஒண்ணரை ரெண்டு டிகிரி. மிச்சமெல்லாம் மங்கல்தான். ஆனால் அந்த மங்கலான ஓரம்தான் "நீ இங்கேதான் இருக்கே" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஸ்டேஷனில் பக்கத்து ரயில் கிளம்பும்போது நம்ம ரயில் கிளம்பிடுச்சோ என்று ஒரு விநாடி குழம்புவோமே, அந்தக் குழப்பத்தில் ஓரப்பார்வைக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போ வி.ஆர். ஹெட்செட்டுக்கு வருவோம். 2023ல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 அட்டைப்பெட்டிக் கணக்குப்படி பக்கவாட்டில் 110 டிகிரி, மேலும் கீழும் 96. மிச்ச இடம் கறுப்பு. வண்டிக்குதிரைக்குக் கண்ணோரம் பட்டை கட்டுவாங்களே, அந்த மாதிரி. சரி, தொழில்நுட்பம் வளர வளர அகலமாகும் என்றுதானே நினைப்போம்? 1980களின் நடுவில் நாசா ஆய்வுக்கூடத்தில் செய்த ஹெட்செட்டுக்கு எத்தனை டிகிரி தெரியுமா? சுமார் 120!

கிட்டத்தட்ட நாப்பது வருஷம். போன் பாக்கெட்டுக்குள் போயிடுச்சு, டிவி சுவரில் காலண்டர் மாதிரி தொங்குது. இந்த ஒரு நம்பர் மட்டும் நின்ன இடத்திலேயே நிக்குது. ஏன் என்று நோண்டப் போனதில் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோட உக்காருங்க.

*

கதை கம்ப்யூட்டருக்கெல்லாம் ரொம்ப முன்னாடி ஆரம்பிக்குது. ராபர்ட் பார்க்கர் என்று ஒரு ஓவியர், அயர்லாந்துக்காரர், எடின்பரோவில் இருந்தவர். மலை மேல் நின்று ஊரைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி, வட்டமாக வளைத்து வரைந்த படத்துக்கு நடுவில் ஆளை நிறுத்தினால் என்ன என்று யோசித்து 1787ல் பேட்டன்ட் வாங்கினார். பனோரமா என்கிற பேரே இதற்காகத்தான் உருவானது. 1793ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் திறந்தார்.

பார்க்கரின் நிஜமான கெட்டிக்காரத்தனம் வட்டமாக வரைந்ததில் இல்லை, ஓரத்தை ஒளித்ததில் இருக்கிறது. நடுவில் ஒரு மேடை. தலைக்கு மேலே ஒரு விதானம் படத்தின் மேல் விளிம்பை மறைக்கும், மேடை கீழ் விளிம்பை மறைக்கும். படத்துக்குச் சட்டமே இல்லை. படம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் மூளை அதைப் படமாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பதை மனுஷன் அன்றைக்கே பிடித்துவிட்டார். ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்புப் படத்தைப் பார்த்த சார்லட் ராணிக்குக் கப்பலில் போன மாதிரி குமட்டியதாக ஒரு கதை அப்போதிலிருந்தே உலவுகிறது. உண்மையோ வதந்தியோ, இந்தக் குமட்டலை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

(இதில் நம்ம பக்கத்து ஊரும் உண்டு. 1799ல் திப்பு சுல்தான் விழுந்த ஸ்ரீரங்கப்பட்டணச் சண்டையை ராபர்ட் கெர் போர்ட்டர் என்பவர் 120 அடி நீளத்துக்கு வரைந்து 1800ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். செய்தி போய்ச் சேர்ந்த சூட்டோடு சூடாக கல்லா கட்டியிருக்கிறார்கள்.)

அடுத்து ஒரு பெரிய தாவல். ஃப்ரெட் வாலர் என்கிற அமெரிக்கர், சினிமாவில் டிரிக் வேலை பார்த்தவர். சாதாரண சினிமாத் திரை ஒரு ஜன்னல் மாதிரி இருக்கிறதே, ஆழம் தெரிவதற்கு ரெண்டு கண் மட்டும் போதாது, ஓரப்பார்வையும் நிறைய வேணும் என்பது அவர் கட்சி. ரெண்டாம் உலகப்போரில் விமானத் துப்பாக்கி வீரர்களுக்குப் பயிற்சி தர, வளைந்த திரையில் 5 புரொஜக்டர் வைத்து ஒரு கருவி செய்தார். அதே சரக்கை மூணு புரொஜக்டராகச் சுருக்கியதுதான் 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் வந்த சினிராமா. பக்கவாட்டில் 146 டிகிரி, உயரத்தில் 55. கவனிங்க, 146! இன்றைக்குக் கடையில் கிடைக்கிற பெரும்பாலான ஹெட்செட்டைவிட அகலம்.

அந்த சினிராமாவைப் பார்த்துக் கிறங்கிப்போனவர்தான் மார்ட்டன் ஹைலிக். ஒரு தியேட்டரையே முகத்தில் மாட்டிவிடலாம் என்று அவர் கேட்ட பேட்டன்ட் 1960ல் கிடைத்தது. படத்தில் ரெண்டு குட்டி டிவி குழாய், ரெண்டு லென்ஸ், காதுக்கு ஸ்பீக்கர், மூக்குப் பக்கம் காத்து ஊத ஓட்டை எல்லாம் இருக்கு. பேட்டன்ட் இருந்துச்சு, முதல் போட ஆள்தான் இல்லை.

*

கம்ப்யூட்டர் உள்ளே வருவது 1968ல். ஐவன் சதர்லாண்டும் அவருடைய மாணவர்களும் செய்த தலையில் மாட்டும் காட்சிக்கருவி. தலைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு இரும்புக் கை இறங்கி வரும், ஆள் தலையைத் திருப்பினால் கம்பியால் வரைந்த மாதிரி ஒரு கட்டம் அந்தரத்தில் தெரியும். வி.ஆர். வரலாறு எழுதுகிற எல்லாரும் இங்கேதான் மேளம் கொட்டுவார்கள். அதன் பார்வைப்புலம் வெறும் 40 டிகிரி என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. படம் காட்டியது விரல் சைஸ் பிக்சர் டியூப், அதை நேரே கண்ணருகே பெரிதாக்க லென்ஸ் தாங்காது.

லென்ஸ் தாங்காது என்றால் என்ன? இங்கேதான் என் ஹீரோ வருகிறார்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் எரிக் ஹௌலெட் என்று ஒருத்தர். 1970களின் பின்பாதியில் அவருக்கு வந்த ஆசை வி.ஆர். கிடையாது, போட்டோ. ரெட்டைக் கண்ணில் பார்க்கிற ஸ்டீரியோ போட்டோக்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரியே இருக்கின்றன, நேரில் நிற்கிற மாதிரி அகலமாகத் தெரிய என்ன வழி? அகலமாகத் தெரியணும்னா லென்ஸ் பெரிதாகவும் கண்ணுக்கு ரொம்பக் கிட்டேயும் இருக்கணும். அப்படிப்பட்ட லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். நேர்கோட்டுக் கட்டத்தை வைத்துப் பார்த்தால் நாலு மூலையும் வெளியே நீண்டு, பக்கங்கள் உள்ளே ஒடுங்கி, தலையணையின் நாலு காதைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிடும். இதைச் சரிசெய்ய லென்ஸ் மேல் லென்ஸாக அடுக்கலாம். கனமும் விலையும் ஏறிக்கொண்டே போகும்.

ஹௌலெட் அதோடு மல்லுக்கட்டவே இல்லை. பார்க்கிற லென்ஸ் ஓரத்தை இழுக்குதா, இழுத்துட்டுப் போகட்டும். படம் எடுக்கிற கேமரா லென்ஸையே, அதே அளவு ஓரத்தை உள்ளே அமுக்கி, பீப்பாய் மாதிரி உப்பலாகப் படம் எடுக்கும்படி செய்தார். படத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் கோணல். அவர் லென்ஸ் வழியாகப் பார்த்தால் ரெண்டு கோணலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நேராகிவிடும். கணக்கில் மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் வருமே, அதுதான். இதற்கு லீப் என்று பேர் வைத்தார், பேட்டன்ட் 1983ல் வந்தது. கேமராவாக அது சந்தையில் எடுபடவில்லை.

ஆனால் கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் மைக்கேல் மெக்ரீவி என்பவருக்கு இந்த லென்ஸ் கிடைத்தது. 1985 வாக்கில் கையடக்க எல்சிடி டிவிகளைப் பிரித்து, அந்தத் திரைகளுக்கு முன் லீப் லென்ஸை வைத்து ஹெட்செட் கட்டினார்கள். பிறகு ஸ்காட் ஃபிஷரும் வந்து சேர்ந்து அதை வளர்த்தார். மேலே சொன்ன 120 டிகிரி இதுதான். ஜேரன் லானியரின் வி.பி.எல். கம்பெனி விற்ற ஐஃபோனிலும் (ஆப்பிள் இல்லீங்க, இது கண்ணுக்கு மாட்டுற 'ஐ') அதே லென்ஸ்தான்.

*

அப்போ 1989லேயே எல்லாம் முடிஞ்சுதே, பிறகென்ன பிரச்சினை?

தோசை மாவுதான் பிரச்சினை. ஒரு கரண்டி மாவு. சின்ன வட்டமாக ஊற்றினால் ஊத்தப்பம், பெரிதாக இழுத்தால் பேப்பர் ரோஸ்ட். மாவு என்னவோ அதே ஒரு கரண்டிதான். திரையில் இருக்கிற புள்ளிகள்தான் மாவு, டிகிரிதான் கல்லின் அகலம். வி.பி.எல். ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 360க்கு 240 புள்ளி. அதை 80, 90 டிகிரிக்கு இழுத்தால் ஒரு டிகிரிக்கு நாலு, நாலரை புள்ளி.

இது எவ்வளவு மோசம் என்று புரிய, கண் டாக்டர் கிளினிக்கில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை நினைச்சுக்கங்க. கடைசி வரிக்குப் பக்கத்தில் இருக்கிற 6/6 வரியைப் படிக்க ஒரு டிகிரிக்கு 60 புள்ளி தேவை. மேலே ஒத்தையாக நிற்கிற பெரிய எழுத்து 6/60, அதற்கு 6 புள்ளி. அதாவது பத்தாயிரம் டாலரை ஒட்டி விலை கொடுத்து வாங்கின அந்த ஹெட்செட்டுக்குள் அட்டையை மாட்டினால் முதல் எழுத்துகூடத் தெரியாது! உலகம் பரந்து விரிந்து கிடக்கும், ஆனால் எதிரே நிற்பது மாமியாரா மாமரமா என்று தெரியாது.

அதனால் 1990களில் வந்த கம்பெனிகள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். மாவை இழுக்காதே, ஊத்தப்பமாக ஊத்து. 1995ல் வந்த வி.எஃப்.எக்ஸ்.1 மூலைக்கு மூலை 45 டிகிரி. அதைச் சுற்றி வந்த ஐ-கிளாஸஸ், சோனி கிளாஸ்ட்ரான் எல்லாம் 30 டிகிரி பக்கம். இருட்டு அறைக்குள் தூரத்தில் ஒரு டிவி ஓடுகிற மாதிரி இருக்கும். ஓரப்பார்வை முழுக்கப் பட்டினி. "நான் உள்ளே இருக்கேன்" என்கிற உணர்வு வரவே வராது. 90களின் வி.ஆர். அலை ஏன் படுத்தது என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், விலை, கம்ப்யூட்டர் வேகம், தலைவலி என்று. என்னைக் கேட்டால் இந்த 30 டிகிரிக்கும் அதில் கணிசமான பங்கு உண்டு.

30 டிகிரி என்று பெட்டியில் போட்டால் எவன் வாங்குவான்? அதனால் டிகிரியை விட்டுவிட்டு இன்ச்சில் எழுத ஆரம்பித்தார்கள். இந்தப் பழக்கம் ரொம்ப நாள் ஓடியது. சோனி 2011ல் விட்ட எச்.எம்.இசட்-டி1 என்ற கண்ணாடிக்கு விளம்பரம்: 20 மீட்டர் தூரத்திலிருந்து 750 இன்ச் திரையைப் பார்ப்பது போல! கேட்டாலே புல்லரிக்குதில்ல? பேனாவும் பேப்பரும் எடுத்தேன். 750 இன்ச் திரையின் அகலம் சுமார் 16.6 மீட்டர். 20 மீட்டர் தள்ளி நின்றால் அது 45 டிகிரி. அதே 45 டிகிரி வேணும்னா வீட்டில் இருக்கிற 32 இன்ச் டிவி முன்னால் 85 சென்டிமீட்டரில் உக்கார்ந்தால் போதும். சின்ன வயசில் நாம உக்கார்ந்து, "கண்ணு அவிஞ்சு போகும், தள்ளி உக்காருடா" என்று முதுகில் வாங்கின அதே தூரம் :-)

*

2012ல் நடந்த கதை பலருக்கும் தெரியும். பால்மர் லக்கி என்கிற பையன், ஆகஸ்ட் 1 அன்று கிக்ஸ்டார்ட்டரில் ரெண்டரை லட்சம் டாலர் கேட்டு, கிட்டத்தட்ட 24 லட்சம் வாங்கினது. ஆக்குலஸ் ரிஃப்ட். பக்கவாட்டில் 90 டிகிரி, மூலைக்கு மூலை 110. அதைக் கண்ணில் மாட்டினவங்க எல்லாரும் சொன்னது அந்த அகலத்தைத்தான்.

ஆனால் அந்த லென்ஸ்? மலிவான சாதா லென்ஸ். ஓரத்தைத் தலையணை மாதிரி இழுக்கும். அதைச் சரிக்கட்ட, கம்ப்யூட்டர் படத்தை முன்கூட்டியே பீப்பாய் மாதிரி உப்பலாக்கித் திரைக்கு அனுப்பும். ஆமாங்க, ஹௌலெட் செய்த அதே வேலை. அவர் கேமராக் கண்ணாடியில் செய்ததை இவர்கள் கிராஃபிக்ஸ் கார்டில் செய்தார்கள். அதையும்கூட வாரன் ராபினெட், ஜானிக் ரோலண்ட் என்று ரெண்டு பேர் 1992லேயே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உக்கார்ந்து, லீப் லென்ஸின் கோணலைக் கணக்காக எழுதி வெளியிட்டிருந்தார்கள். அன்றைய கம்ப்யூட்டருக்கு விநாடிக்கு விநாடி அந்தக் கணக்கைப் போட மூச்சு வாங்கியது. 2012ல் அது சாதாரண கேமிங் பிசிக்கு கடலை மிட்டாய் சாப்பிடுகிற மாதிரி. கூடவே செல்போன் புண்ணியத்தில் நல்ல குட்டித் திரைகள் கொட்டிக் கிடந்தன.

இது தற்செயல் ஒற்றுமையும் இல்லை. மார்க் போலாஸ் என்பவர் 1980களின் கடைசியிலேயே ஃபேக்ஸ்பேஸ் என்ற கம்பெனியில் லீப் லென்ஸ் வைத்துக் கருவி செய்தவர். பிறகு தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவருடைய கூடத்திலிருந்துதான் 2012ல், போனைச் செருகிப் பார்க்கிற ஒரு அட்டைப்பெட்டிக் கருவி வந்தது. அதன் பேரிலேயே எஃப்.ஓ.வி. என்று பார்வைப்புலத்தைச் செருகியிருந்தார்கள். லக்கி வேலை பார்த்தது அந்தக் கூடத்தில்தான். ஆக, கண்ணாடியிலிருந்து கணக்குக்கு ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுத்து வந்திருக்கிறது.

எரிக் ஹௌலெட் 2011 டிசம்பரில் காலமாகிவிட்டார். இன்னும் எட்டு மாசம் இருந்திருந்தால் கிக்ஸ்டார்ட்டர் கூத்தைப் பார்த்திருப்பார்.

*

2012க்கு அப்புறம் டிகிரி ஒரு விற்பனைச் சரக்காகிவிட்டது. அங்கேதான் வில்லங்கமும் ஆரம்பம்.

2017ல் பைமாக்ஸ் என்ற சீனக் கம்பெனி கிக்ஸ்டார்ட்டரில் 200 டிகிரி என்று சொல்லி 42 லட்சம் டாலர் வசூல் செய்தது. மனுஷக் கண்ணே 200தானே, அப்போ முழுசும் வந்தாச்சே என்று எல்லாரும் குதித்தார்கள். பார்த்தால் அந்த 200 மூலைக்கு மூலை எடுத்த அளவு. டிவியை மூலைக்கு மூலை அளக்கிற அதே தந்திரம். பக்கவாட்டில் அதைவிடக் கம்மி. அப்பவும் மற்ற எல்லாரையும்விட அகலம்தான், அதை மறுக்கவில்லை. அந்த அகலத்தை நேராகவே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான் என் ஆதங்கம்.

மைக்ரோசாஃப்ட் 2019ல் ஹோலோலென்ஸ் 2ஐ அறிமுகம் செய்தபோது பார்வைப்புலம் ரெண்டு மடங்குக்கும் மேல் என்றார்கள். முதல் ஹோலோலென்ஸ் மூலைக்கு மூலை 34 டிகிரி, அப்போ இது 70 போல என்று ஜனங்கள் கணக்குப் போட்டார்கள். நிஜத்தில் 52. பொய்யா என்றால் பொய் இல்லை. பழசு சுமார் 30க்கு 17, புதுசு 43க்கு 29. பெருக்கிப் பாருங்க, பரப்பளவு ரெண்டேகால் மடங்குக்கு மேலேயே வரும். வீட்டு மனை விற்கிறவர் சதுர அடியில் பேசுவார், வாங்குகிறவர் வாசல் அகலத்தை நினைத்துக்கொண்டிருப்பார், அந்தக் கதை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்கு நேரடியாக வலிக்கிற விஷயம் வேற. நான் கண்ணாடி போட்டவன்.

பெட்டியில் போட்ட டிகிரி யாருடைய கண்ணுக்கு? கதவில் இருக்கிற சாவித்துவாரத்தை நினைச்சுக்கங்க. கண்ணை ஒட்டி வைத்தால் முழு ரூமும் தெரியும், நாலு விரல்கடை தள்ளினால் எதிர்ச்சுவர் மட்டும் தெரியும். ஹெட்செட் லென்ஸும் ஒரு சாவித்துவாரம்தான். 50 மில்லிமீட்டர் லென்ஸ் கண்ணிலிருந்து 15 மில்லிமீட்டரில் இருந்தால் அதன் வழியே அதிகபட்சம் 118 டிகிரி பார்க்கலாம். நடுவில் என் மூக்குக்கண்ணாடி உக்கார்ந்துகொண்டு லென்ஸை 25 மில்லிமீட்டருக்குத் தள்ளினால் 90. ஒரு சென்டிமீட்டருக்கு 28 டிகிரி போச்சு! (இது வெறும் முக்கோணக் கணக்கு, நிஜ லென்ஸுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.) கன்ன எலும்பு, நெற்றி, மூக்கு, பஞ்சு மெத்தையின் தடிமன் எல்லாமே இதில் விளையாடும். ஒரே ஹெட்செட்டில் என் நண்பர் ஒரு உலகம் பார்க்கிறார், நான் வேறொரு உலகம் பார்க்கிறேன். கொடுக்கிற காசு மட்டும் ஒண்ணுதான்.

இன்னொரு குசும்பும் உண்டு. ஓரத்தில் ஏதோ தெரியுதே என்று கண்ணை அந்தப் பக்கம் உருட்டினால், பாப்பாவும் சேர்ந்து இடம் மாறுவதால் அந்த ஓரமே சற்று மறைந்துவிடும். நேரே பார்க்கும்போது ஒரு டிகிரி, உருட்டிப் பார்க்கும்போது இன்னொரு டிகிரி. இதில் எதைப் பெட்டியில் போடுவது?

இந்த விஷயத்தில் நான் மதிப்பு வைத்திருப்பது வால்வ் கம்பெனி மேல். 2019ல் வந்த இன்டெக்ஸில் ஒரு திருகு உண்டு, லென்ஸைக் கண்ணருகே தள்ளுவதற்கு. டிகிரியும் அவர்கள் மொட்டையாகப் போடவில்லை. லென்ஸைச் சரியான தூரத்தில் வைத்துக்கொண்டால் ஒரு சராசரி ஆளுக்கு எச்.டி.சி. வைவைவிட 20 டிகிரி கூடத் தெரியும் என்றுதான் சொன்னார்கள். நேர்மையான வாக்கியம். விளம்பரத்துக்கு உதவாது என்பதுதான் அதன் குறை.

*

சரி, ஏன் 110லேயே நிக்குது? மாவு இப்போ அண்டா அண்டாவாக இருக்கே?

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் டான் என்று ஒன்று படித்தோமே (வாழ்க்கையில் எதுக்குடா இது என்று கேட்டோமே, அது இதுக்குத்தான்). தட்டையான திரையில் ஒரு காட்சியை வரைய, திரையின் அகலம் பார்வைக் கோணத்தில் பாதியின் டானுக்கு ஏற்ப வளரும். 90 டிகிரிக்கு 1 என்று வைத்துக்கொண்டால் 110க்கு 1.43. 120க்கு 1.73. பரவாயில்லை, சமாளிக்கலாம். 150க்கு 3.73. 170க்கு 11.4. 180க்கு முடிவிலி. அதாவது 110லிருந்து 150க்குப் போவது 40 டிகிரி தூரம் மாதிரி தெரியும், கம்ப்யூட்டருக்கோ ரெண்டரை மடங்குக்கு மேல் அகலமான படத்தை வரைகிற வேலை. அதிலும் பெரும்பகுதி, நாம மங்கலாகவே பார்க்கப்போகிற ஓரத்துக்கு. இதைத் தவிர்க்கத்தான் அகலக் கட்சிக்காரர்கள் திரைகளைச் சாய்த்து வைக்கிறார்கள். இன்டெக்ஸில்கூட லென்ஸ்கள் 5 டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். சாய்த்தால் ரெண்டு கண்ணுக்கும் பொதுவான நடுப்பகுதியில் கை வைக்கணும், ஆழம் தெரிவது அங்கேதான். எங்கே இழுத்தாலும் எங்கேயோ கிழியுது.

போதாததுக்கு அந்தக் குமட்டல். உடம்பு நாற்காலியில், கண் மட்டும் பறக்குது என்கிற சண்டையில் வயிற்றைக் கலக்குவதில் முக்கியப் பங்கு ஓரப்பார்வைக்கு. 2016ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அஜோய் ஃபெர்னாண்டஸ், ஸ்டீவன் ஃபைனர் ரெண்டு பேரும், ஆள் நகரும்போது மட்டும் பார்வைப்புலத்தை நைசாகச் சுருக்கி, நின்றதும் விரித்துப் பார்த்தார்கள். தலைசுற்றல் குறைந்தது, பலர் சுருங்கினதைக் கவனிக்கவே இல்லை. அதே வருஷம் வந்த கூகுள் எர்த் வி.ஆரில் பறக்கும்போது சுற்றி இருட்டு வட்டம் வருவதும் இதே காரணத்துக்குத்தான். அகலத்துக்குக் காசு கொடுத்து வாங்கு, ஓடும்போது அதை மூடி வை. சார்லட் ராணி கேட்டால் சிரிப்பார்.

அதனால் வந்த மாவையெல்லாம் கம்பெனிகள் அகலத்துக்குச் செலவழிக்கவில்லை, தடிமனுக்குத்தான். மறுபடி கண் டாக்டர் அட்டைக்குப் போவோம். வி.பி.எல்.: முதல் எழுத்தே தெரியாது. 2012 ரிஃப்ட்டில் ஒரு டிகிரிக்கு 7 புள்ளி: முதல் எழுத்து தட்டுத்தடுமாறித் தெரியும். குவெஸ்ட் 3ல் 25: 6/15 பக்கம். 2024 பிப்ரவரியில் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோவைப் பிரித்து மேய்ந்தவர்கள் போட்ட கணக்கு 34: ஏறக்குறைய 6/11. அட்டையில் வரி வரியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறோம். பக்கவாட்டில் மட்டும் நாசா போட்ட கோட்டையே தாண்டவில்லை.

அந்த விஷன் ப்ரோவின் விவரப் பட்டியலைத் தேடிப் பாருங்க. 2.3 கோடி புள்ளி என்று பெருமையாகப் போட்டிருக்கும். எத்தனை டிகிரி என்ற வரியே கிடையாது. மூக்குக்கண்ணாடியோடு மாட்டவும் முடியாது, பவருக்கு ஏற்ற தனி லென்ஸைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி உள்ளே ஒட்டணும். என்னைப் போன்றவனுக்கு அது சாவித்துவாரத்துக்குப் பக்கத்தில் போக ஒரு வழி, அந்த ஏற்பாடு பிடிச்சிருக்கு. நம்பரே போடாமல் விட்டது பிடிக்கவில்லை. கண்ணிலிருந்து இத்தனை மில்லிமீட்டரில் இத்தனை டிகிரி, பக்கவாட்டில் இவ்வளவு, மேலும் கீழும் இவ்வளவு, ரெண்டு கண்ணுக்கும் பொது இவ்வளவு என்று நாலு நம்பர் அச்சடிக்க அந்தப் பெட்டியில் இடமா இல்லை?

கொசுறு 1: சினிராமா வாலர் 1925லேயே தண்ணீரில் சறுக்கும் பலகைக்கு, அதான் வாட்டர் ஸ்கீக்கு, பேட்டன்ட் வாங்கினவர்.

கொசுறு 2: லீப் லென்ஸின் கோணலைக் கணக்காக எழுதின வாரன் ராபினெட் வேறு யாருமில்லை, அட்டாரியில் அட்வென்ச்சர் கேம் செய்து, அதற்குள் ஒரு ரகசிய அறையில் தன் பேரை ஒளித்து வைத்தாரே, அவரேதான். அட்டாரியில் கேம் எழுதினவங்க பேரைப் பெட்டியில் போட மாட்டாங்க, அந்தக் கடுப்பு.